கெண்டைக்கு இடுப்பளவு எடுக்கப் பம்பாய் போனேன்

பம்பாய்க்குப் போய் வந்தவர்கள் மாடி பஸ்ஸையும் கடற்கரையையும் பற்றிச் சொல்லி நம் பிராணனை வாங்குவார்கள். எனக்கு அந்த யோகம் இல்லை. நான் போனது ஒரு மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு. டின்னுக்குள் செத்த கெண்டை இருபது. எல்லாம் தாமிரபரணியின் மேற்கே, மலையடிவாரத்துக் கசங்களில் நானே பிடித்தவை. கசம் என்றால் ஆற்றுக்குள் ஆள் முழுகும் ஆழமுள்ள பாறைப் பள்ளம். அங்கே ஒரு கெண்டையைப் பிடிப்பதற்குள் முதுகு கழன்றுவிடும். நம் நிழல் தண்ணீரில் விழுந்தால் போதும், மீன் பாறை இடுக்கில் போய்ப் பதுங்கிக்கொள்ளும்.

அப்போது நான் மீன்வளத் துறையில் ஓர் உதவியாளன். அறுபதுகளின் நடுவில், அரிசிக்கு ஊரெல்லாம் ரேஷன் இருந்த காலம். சோறு இல்லாவிட்டால் ஜனங்கள் மீன் தின்னட்டும் என்று மேலே இருந்தவர்களுக்குத் தோன்றியது. வடக்கே ஏதோ ஓர் ஆற்றில் கெண்டைக் குஞ்சுகளை அள்ளி, ரயிலில் ஏற்றி, தெற்கே ஆறு ஆறாகக் கொட்டுவது என்று திட்டம் போட்டார்கள். அதில் எங்கள் ஆறும் இருந்தது.

வடக்கத்திக் கெண்டையும் எங்கள் கெண்டையும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அளந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். மூக்கு நுனியிலிருந்து முதுகுத் துடுப்பு எவ்வளவு தூரம், தலை எவ்வளவு நீளம், வாலுக்கு முன்னால் ஒடுங்கும் வால் தண்டு எவ்வளவு நீளம், உடம்பு எவ்வளவு அகலம் என்று ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். உடம்பின் நீளத்தை நூறு என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதில் எத்தனை பங்கு என்று எழுத வேண்டும். அப்படிப் பார்த்தால் எங்கள் மீன் ஒல்லி, வால் தண்டு நீளம். பாறை மேல் பாய்ந்து வரும் தண்ணீரை எதிர்த்து ஏறுகிற உடம்பு அது. வடக்கத்தி மீன் மெதுவாக ஓடும் தண்ணீரில் வளர்ந்த குண்டன்.

இரண்டும் ஓர் ஆற்றில் கலந்து குஞ்சு பொரித்துவிட்டால் அப்புறம் எங்கள் கெண்டை என்று உலகத்தில் ஒன்று இருக்காது. எந்தக் கமிட்டி உட்கார்ந்தாலும் அதைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே எங்கள் ஆற்றில் அந்தக் குஞ்சு விழக்கூடாது. குஞ்சு விடலாமா கூடாதா என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள்; அதனிடம் இதைச் சொல்லத்தான் நான் போனேன். கமிட்டி ஏன் பம்பாயில் கூடியது என்று கேட்காதீர்கள். கமிட்டியின் மீன் ஆலோசகருக்கு அங்கே வீடு.

ரயிலில் டின் ஒழுக ஆரம்பித்தது. மீன் கெடாமலிருக்க ஊற்றியிருந்தது ஃபார்மலின். பிணத்தைக் கெடாமல் வைப்பதற்கு ஆஸ்பத்திரியில் ஊற்றுகிற அதே சரக்கு. கொஞ்சம் காற்றில் கலந்தாலே கண்ணெரியும். பெட்டியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எதிரே, பம்பாய்க்குப் பக்கத்து உல்லாஸ்நகரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஹிந்தியில் கேட்டார்: "மருந்தா? முழங்கால் வலிக்குக் கேட்குமா?" வேண்டாம் என்று நான் கையை ஆட்டுவதற்குள் தரையில் ஒழுகியதை விரலால் தொட்டு முழங்காலில் தேய்த்துவிட்டார். இறங்கும்போது வலி குறைந்திருக்கிறது என்று சொல்லி எனக்கு ஒரு ஆரஞ்சு கொடுத்தார். இப்படிப்பட்ட ஜனங்களை நம்பித்தான் அந்த ஊரில் துணி வியாபாரம் நடக்கிறது.

மாதுங்காவில் தங்குவதற்கு ஒரு மெஸ்ஸில் சொல்லி வைத்திருந்தார்கள். சைவ மெஸ். மாதுங்காவுக்குப் போனால் நம் ஊருக்கே போன மாதிரி இருக்கும் என்று சொன்னவனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். பூக்கடை இருக்கிறது, வாழையிலை இருக்கிறது, காலையில் நெற்றி நிறைய விபூதியும் நாமமுமாக மனிதர்கள் நடக்கிறார்கள். ஆனால் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி எந்த ஆபீஸ், இரண்டாவது கேள்வி என்ன கிரேடு. என் கிரேடைச் சொன்னதும் மூன்றாவது கேள்வி வராது. திங்கட்கிழமை சாயங்காலம் ஹோட்டலெல்லாம் மூடிவிட்டார்கள். பிரதமர் கேட்டுக்கொண்டபடி வாரம் ஒரு வேளை தேசத்துக்காகப் பட்டினி கிடக்கிறார்களாம். அதற்குப் பதிலாக மத்தியானமே இரண்டு வேளைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள். காபி மட்டும் நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும்.

மெஸ் மேனேஜர் பெயர் வெங்கிட்டு. மோப்பம் பிடித்துக்கொண்டே என் அறைக்கு வந்தார்.

"என்ன ஸார் நாத்தம்? நீங்க டாக்டரா?"

"இல்லை. மீன்."

"மீனா! சிவ சிவா. பக்கத்து ரூம்ல ஸ்டேட் பாங்க்காரா இருக்கா ஸார்."

"இது சாப்பிடுகிற மீன் இல்லை. அளக்கிற மீன்."

"அளந்தா மட்டும் காய்கறி ஆயிடுமா? ஒண்ணு பண்ணுங்கோ. டின்ன மாடிப்படிக்கு அடில வச்சுட்டு நீங்க மட்டும் இருங்கோ."

"பூனை வந்தால்?"

"இங்க பூனையும் சைவம்தான் ஸார். தயிர்சாதம் தவிர வேற தொடாது."

அந்தப் பூனையை நான் பார்த்தேன். அதன் முகத்தில் சைவக் களையே இல்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

தாராவியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். சுடலைமுத்து அண்ணாச்சி. பழைய எண்ணெய் டின்களை வாங்கி வெட்டித் தட்டி டிரங்குப் பெட்டியாகவும் டப்பாவாகவும் பண்ணி விற்பவர். நான் போனபோது வாசலில் உட்கார்ந்து தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் தோல் பதனிடும் இடங்கள். அந்த நாற்றத்துக்கு முன்னால் என் ஃபார்மலின் பன்னீர். மாதுங்காவில் என்னைத் துரத்திய வாடையைத் தாராவியில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அந்த ஊரில் நான் கண்ட ஒரே நாகரிகம் அதுதான்.

"வாங்க தம்பி. டின்னு ஒழுகுது போலுக்கே. கொண்டாங்க, ஒரு பத்து வச்சாப் போதும்," என்றார் அண்ணாச்சி. ஈயத்தைக் காய்ச்சி ஓட்டையை அடைத்தார். அடைத்த ஓட்டைக்குப் பக்கத்தில் அவர் சுத்தியல் பட்டு இன்னொரு ஓட்டை விழுந்தது. அதையும் அடைத்தார்.

அண்ணாச்சியின் வீடு ஓர் அறை. அதை அங்கே கோலி என்கிறார்கள். அதற்குள் ஒரு கட்டில், ஓர் அடுப்பு, விற்காத டிரங்குப் பெட்டிகள், அண்ணாச்சி, அவர் மனைவி பேச்சியக்கா, இப்போது நான், இருபது மீன். அக்கா டின்னைத் திறந்து பார்த்துவிட்டு என் மேல் உண்மையாகவே கோபப்பட்டாள்.

"இம்புட்டு மீனையும் பாழாக்கி வச்சிருக்கீயளே. ஆத்து மீன் தின்னு எம்புட்டு நாளாச்சு தெரியுமா? கழுவிப்போட்டாக் கொழம்புக்கு ஆகாதா?"

"விஷம் அக்கா. இது அளக்கதுக்கு."

"அளந்து?"

நான் சொன்னேன். வடக்கே உள்ள மீன் வேறு, நம் மீன் வேறு, கலக்கக்கூடாது என்றேன். அண்ணாச்சி தகரத்தை வைத்துவிட்டுக் கேட்டார்: "அங்கன உள்ளதும் மீனுதான், இங்கன உள்ளதும் மீனுதான். சட்டியில போட்டா என்ன வித்தியாசம்? இதுக்குப் போயி சர்க்காரு காசக் குடுத்து அனுப்புதானா?"

"உங்களையும் பக்கத்துக் கோலி ஆளையும் ஒண்ணுன்னு சொன்னா ஒத்துக்கிடுவியளா அண்ணாச்சி?"

"ரேஷன் கார்டுல ஒண்ணுதான தம்பி," என்றார் அவர்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அக்கா பொம்பில் மீன் குழம்பு வைத்திருந்தாள். பம்பாய்க்காரர்கள் அந்த மீனைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். வாயில் போட்டால் மீன் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. எலும்பும் வழவழ, சதையும் வழவழ. அந்த ஊருக்கேற்ற மீன். அக்காவின் கைப்பக்குவத்தால் குழம்பு மட்டும் பிழைத்தது.

மறுநாள் கமிட்டி ஆபீஸ் இருக்கும் செம்பூருக்குப் போக வேண்டும். சயானில் ரயில் ஏறி குர்லாவில் இறங்கி, அங்கே வேறு ரயில் மாறினால் செம்பூர். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது. லோக்கல் ரயிலில் நாம் ஏற வேண்டாம், ஏற்றிவிடுவார்கள். இறங்குவதுதான் கஷ்டம். டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு நடுவில் நின்றேன். குர்லா வந்தது. "இறங்கணும், இறங்கணும்" என்று தமிழில் கத்தினேன். பின்னால் ஒருவன் மராத்தியில் இன்னொருவனிடம் சொன்னதைப் பக்கத்தில் இருந்த தமிழர் மொழிபெயர்த்தார்: "டப்பாக்காரன் வாசலை மறைக்கிறான், அவனை உள்ளே தள்ளு." தள்ளினார்கள். மொழிபெயர்த்துச் சொன்ன தமிழரும் சேர்ந்து தள்ளினார். தாணேயில்தான் இறங்க முடிந்தது. அங்கே ஒரு வடா பாவ் விற்கிறவனிடம் இரண்டு வாங்கித் தின்றேன். ரொட்டிக்குள் உருளைக்கிழங்கை வைத்து அமுக்கிக் கொடுக்கிறான். நம் ஊரில் பந்தியில் அப்படிப் பரிமாறினால் சண்டை வரும். பசிக்கு நன்றாகவே இருந்தது என்பது வேறு விஷயம்.

எப்படியோ போய்ச் சேர்ந்த செம்பூரில் கமிட்டி ஆபீஸ் ஒரு பழைய பங்களா. அந்தப் பக்கத்தில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. எண்ணெய் ஆலைப் புகை உண்டு. முன்கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் தங்க மீன் நாலு, வாயை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தன. உள்ளே இருந்தவர்களும் ஏறக்குறைய அதே வேலையில்தான் இருந்தார்கள்.

முதலில் கண்டது சேஷாத்ரி ஸார். கமிட்டித் தலைவர், கையெழுத்து அவருடையது. மாதுங்காவாசி. காலையில் கோயிலுக்குப் போகாமல் காபி குடிக்கமாட்டார் என்று வாசல் பியூனே எச்சரித்திருந்தான்.

"எந்த ஊர் ஓய்?"

"அம்பாசமுத்திரம் பக்கம் ஸார்."

"அட! நமக்குப் பூர்வீகம் கல்லிடைக்குறிச்சி. நான் பொறந்து வளந்ததெல்லாம் இங்கதான். நேக்கு மீனப் பத்தி ஒண்ணும் தெரியாது, கேட்டேளா. எல்லாம் அவர்தான்." அடுத்த அறையைக் காட்டினார்.

அடுத்த அறையில் ஆலோசகர். வெளிநாட்டில் படித்தவர். பேசுவது இங்கிலீஷ் மட்டும். மீனை அளக்க நானே செய்து கொண்டுபோயிருந்த அளவுப் பலகையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல தேக்குப் பலகை, ஓரத்தில் அளவுக் கோடுகள் இழைத்தது. "தச்சு வேலை நன்றாக வருகிறது உங்களுக்கு," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அலமாரியிலிருந்து ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை எடுத்து மேஜை மேல் வைத்தார். உள்ளே ஆறு கெண்டை.

"இவை உங்கள் தாமிரபரணி மீன்கள்தாம். வயிற்றைப் பாருங்கள். வடக்கத்தி மீன் அளவுக்கு உடம்பு அகலம் இருக்கிறது. ஆகவே இரண்டும் ஒரே கூட்டம். குஞ்சு விடலாம். நீங்கள் கொண்டுவந்திருப்பது பட்டினி கிடந்த மலை மீன். பாவம்."

"நான் இதை அளக்கலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமாக. நான் சாப்பிடப் போகிறேன்."

அவர் சாப்பிட்டு வரும்வரை அளந்தேன். எனக்குத் தலை சுற்றியது. மூக்கிலிருந்து முதுகுத் துடுப்பு வரை, தலை நீளம், வால் தண்டின் நீளம் எல்லாம் என் மீனோடு அப்படியே ஒத்துப்போயின. வடக்கத்தி மீனோடு ஒத்துப்போனது வயிறு மட்டும். எலும்பு எங்கள் ஊர், தொப்பை வடக்கு. இப்படி ஒரு மீனை நான் எங்கள் ஆற்றில் பார்த்ததே இல்லை.

திரும்பி வந்தவரிடம், இவற்றை யார் பிடித்தது என்றேன்.

"என் சிப்பந்தி ஒருவன், சில வருஷங்களுக்கு முன். ஒரே காலைப்பொழுதில் ஆறும் பிடித்துவிட்டான். கையாலேயே பிடித்தேன் என்றான். நீங்கள் உங்கள் அறிக்கையில் என்னமோ கெண்டை பிடிப்பது பெரிய வித்தை மாதிரி எழுதியிருக்கிறீர்கள்."

அந்த அறையில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பி வரும்போது, குர்லா பிளாட்பாரத்தில் எந்த ரயிலில் தள்ளப்படுவோம் என்று நின்றுகொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. எங்கள் ஆற்றில் கெண்டையைக் கையால் பிடிக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. ஒரு கோயில் படித்துறை. அங்கே பிதுர்காரியம் முடித்தவர்கள் மீனுக்குப் பொரியும் கடலையும் போடுவார்கள். காலங்காலமாக யாரும் அங்கே மீன் பிடித்ததில்லை. அதனால் அந்த மீன்களுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. படியில் காலை வைத்தால் காலைச் சுற்றி வந்து மொய்க்கும். வருஷம் முழுவதும் வெட்டித் தீனி தின்று வயிறு வைத்த மீன்கள். ஆலோசகர் விஞ்ஞானம் பண்ணியது அந்தத் தொப்பையை வைத்துத்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு சோம்பேறிச் சிப்பந்தி வேட்டி நனையாமல் பிடித்த ஆறு மீன், ஒரு ஆற்றின் தலையெழுத்தை எழுதப் போகிறது. அதைக் கேட்க ஒரு நாதியில்லை.

கமிட்டி கூடிய நாளில் மேஜை மேல் வடையும் ஜாடியும் என் டின்னும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சேஷாத்ரி ஸார், ஆலோசகர், கணக்கு இலாகாவிலிருந்து மூன்றாமவர் ஒருவர். மூன்றாமவர் வடைக்குத் தவிர வேறு எதற்கும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. ஆலோசகர் தன் முடிவைப் படித்தார். குஞ்சு விடத் தடையில்லை. சேஷாத்ரி ஸார் பேனா மூடியைத் திருகினார்.

"ஸார், ஜாடி மீன் ஒன்றை வெட்டிப் பார்க்க அனுமதி வேண்டும்," என்றேன்.

"அது ஆராய்ச்சிக்கு வைத்திருக்கும் மாதிரி மீன். வெட்டக்கூடாது," என்றார் ஆலோசகர்.

"வெட்டிட்டுப் போறார் விடுங்கோ, மணியாறது," என்றார் சேஷாத்ரி ஸார்.

ஒரு மீனை எடுத்துப் பலகையில் கிடத்தி வயிற்றைக் கீறினேன். உள்ளே பாசியும் பூச்சியும் இருந்துவிட்டால் நான் தொலைந்தேன். குடலை நீளவாக்கில் பிரித்தேன். மஞ்சளாக ஏதோ உருண்டு வந்து பலகையில் நின்றது. பாதிக் கொண்டைக்கடலை. பின்னாலேயே இன்னும் இரண்டு துண்டு, நாலைந்து தோல். ஃபார்மலின் புண்ணியத்தில் நேற்று அவித்த சுண்டல் மாதிரி இருந்தது. மூன்றாமவர் கையிலிருந்த வடையைக் கீழே வைத்தார்.

"மலை ஆற்றில் கொண்டைக்கடலை விளையாது ஸார்," என்றேன். "இது கோயில் படித்துறை மீன். பொரியும் கடலையும் தின்று பெருத்தது. இதன் வயிற்றை வைத்து ஆற்றை எடை போடக்கூடாது."

சேஷாத்ரி ஸாரின் முகம் மாறிவிட்டது.

"எந்தக் கோயில் படித்துறை ஓய்?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கப்பா அஸ்திய அங்கதான் கரைச்சேன். கரைச்சுட்டு அந்த மீனுக்குப் பொரி போட்டுட்டுத்தான் படி ஏறணும். அது மீன்னு நெனச்சேளா? ரிஷிகள் ஓய் அத்தனையும்! அதப் புடிச்சுக் கொன்னு ஜாடில போட்டு என் எதிர்க்க வச்சுருக்கேளே, நன்னா இருப்பேளா?"

கடைசிக் கேள்வி ஆலோசகரைப் பார்த்து. ஆலோசகருக்குத் தமிழ் தெரியாது என்றாலும் விஷயம் தெரிந்துவிட்டது. அந்த மனிதர் சாதாரண ஆள் இல்லை. வழுக்கிக்கொண்டு போவதில் பொம்பில் மீன் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும். அமைதியாக இங்கிலீஷில் சொன்னார்:

"சரி. படித்துறை மீன் தனி என்றே வைத்துக்கொள்வோம். புனிதமானது, தொட வேண்டாம். இந்த இளைஞர் கொண்டுவந்தது வேறு மீன், மேலே மலையடிவாரத்தில் இருப்பது. உடம்பின் அகலம் முற்றிலும் வேறு என்று அவரே அளந்து எழுதியிருக்கிறார். குஞ்சுகளை மேலே விட்டுவிடுவோம். கோயிலுக்கும் சங்கடம் இல்லை."

சேஷாத்ரி ஸார் என் பக்கம் திரும்பினார். "அப்படியா ஓய்? நீர் கொண்டுவந்தது வேற மீனா?"

அப்போதுதான் நான் எங்கே மாட்டிக்கொண்டேன் என்று புரிந்தது. ஆமாம் ஸார், வேறு மீன் என்று சொன்னால் நான் தப்பித்தேன். சொன்ன மறுநிமிஷம் குஞ்சுகள் எங்கள் ஆற்றின் தலையில் விழும். இல்லை ஸார், ஒரே மீன்தான் என்றால் ஆறு தப்பிக்கும். ஆனால் அந்த டின்னுக்குள் கிடப்பது இருபது ரிஷிகள், கொன்றவன் நான். வடைத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் வேலையையும் என் ஆற்றையும் ஒரே கேள்வியில் கட்டிப்போட்டுவிட்டது அந்தக் கமிட்டி. பயமாக இருந்தது. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம் அது.

ஜாடி மீன் ஒன்றையும் டின் மீன் ஒன்றையும் எடுத்துப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதுகுத் துடுப்பு வரை அளந்து காட்டினேன். தலையை அளந்தேன். வால் தண்டை அளந்தேன். கணக்கை அவர் கண்ணெதிரே போட்டேன்.

"வயிறுதான் ஸார் வேறு. அது தின்ற தீனி. எலும்பு ஒன்றுதான். மேலேயிருந்து கீழே வரைக்கும் ஒரே மீன்தான்."

"அப்போ அந்த இருவதும்?"

"அதே மீன்தான் ஸார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு டைப்பிஸ்டைக் கூப்பிட்டார். எங்கள் ஆற்றில் வெளி ஆற்றுக் குஞ்சு எதையும் விடக்கூடாது என்று முதல் வாக்கியம். ஆராய்ச்சிக்காகவோ வேறு எதற்காகவோ இனி அந்த ஆற்றுக் கெண்டையை யாரும் பிடிக்கக்கூடாது என்று இரண்டாவது வாக்கியம். என்னை வேறு பிரிவுக்கு மாற்றும்படி சிபாரிசு மூன்றாவது. நான் மாதக்கணக்கில் முதுகு ஒடியச் சேர்த்த அளவுகளைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை. முதுகுத் துடுப்பு இல்லை, வால் தண்டு இல்லை. ரிஷிகள் மட்டும் இருந்தார்கள்.

வராந்தாவில் ஆலோசகர் பக்கத்தில் வந்து நின்றார். "வேறு மீன் என்று சொல்லியிருந்தால் உன்னை இங்கேயே என்னிடம் வைத்துக்கொண்டிருப்பேன்," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல பதில்கள் பிற்பாடு எத்தனையோ தோன்றின. அன்றைக்கு வாயில் வந்தது, "வரேன் ஸார்" என்பதுதான்.

செத்த மீன்களை வைத்திருப்பது தோஷம் என்று சேஷாத்ரி ஸார் உத்தரவுப்படி இருபத்தாறையும் மாகிம் கழிமுகத்தில் விட்டேன். அண்ணாச்சியும் கூட வந்தார். மீன்களை ஒவ்வொன்றாக நான் நழுவ விடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுக்கு அக்கா கொழம்பே வச்சிருக்கலாம்லா தம்பி," என்றார்.

கிளம்புகிற அன்று தாதர் ஸ்டேஷனில் சேஷாத்ரி ஸார் வந்து நின்றார். வழியனுப்ப வந்தார் என்று நினைத்து நெகிழ்ந்து போனேன். ஜன்னல் பக்கம் குனிந்து, "ஓய், மனசுல ஒண்ணும் வச்சுக்காதேயும். ஊருக்குப் போனதும் அந்தப் படித்துறைக்குப் போய் என் பேர்ல கொஞ்சம் பொரியும் கடலையும் போட்டுடும். மறந்துடாதேயும்," என்றார். ஆற்றைக் காப்பாற்றிய மனிதர் அவர். அவரைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் மனசு வரவில்லை. தலையை ஆட்டினேன்.

ஊருக்கு வந்த இரண்டாம் நாள் மாற்றல் உத்தரவு வந்தது. தூத்துக்குடி, கருவாட்டுப் பிரிவு. பஸ் ஏறுவதற்கு முன்னால் படித்துறைக்குப் போனேன். பொரியை வீசினேன். கடலையை வீசினேன். தண்ணீர் கறுத்துவரும்படி கெண்டைகள் வந்து மொய்த்தன. ஒரு பெரிய மீன் என் விரலைக் கவ்வி விட்டது. வெள்ளிச் செதில், நீண்ட வால் தண்டு, வடக்கத்திக் கலப்பு துளியும் இல்லாத எங்கள் ஆற்று மீன். குனிந்து உட்கார்ந்து, மூக்கிலிருந்து துடுப்பு வரைக்கும் அதைக் கண்ணாலேயே அளந்தேன். அதற்கு உத்தரவில் தடை இல்லை.